ஏழாம் நாளே பார்த்த நாக்கு

அடுத்த மாதம் முதல் இந்த அறையில் அமரப்போகும் இளைய நண்பர்களே,

பணிக்கால நினைவுகளை ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதுதான் வழக்கம். எனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது. மேற்படிப்புக்காக இங்கிருந்து போகிறேன். இருந்தும் எழுதுகிறேன். வில்லியனூரிலிருந்து ஒதியம்பட்டுக்குப் போகும் வழியில் உள்ள இந்தச் சிறிய மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் நாக்கையும் உதட்டையுமே பார்த்து வந்திருக்கிறேன். பிறந்து நான்கு நாளான சிசு முதல், பனித்திட்டுக் கரையில் மீன் ஏலம் கூறும் நாற்பத்திரண்டு வயதுக்காரர் வரை எத்தனையோ பேருடைய வாய்க்குள் என் விரல் போயிருக்கிறது. நாக்கின் அடியில் உள்ள சிறு தோல் மடிப்பு குட்டையாகவோ தடிப்பாகவோ அமைந்து நாக்கை மேலே எழும்பவிடாமல் பிடித்துக்கொண்டால், குழந்தைக்குப் பால் இழுக்க வராது; வளர்ந்தவருக்குச் சில ஒலிகள் வராது. தேவைப்படும் இடத்தில் அந்த மடிப்பை விடுவிப்பது நம் வேலை. கத்தரியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை எப்போது கீழே வைக்க வேண்டும், எதை எந்த நாளில் சொல்லியே ஆக வேண்டும் என்பவற்றை மட்டும் சொல்ல வந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு செய்தி உங்களுக்குத் தெரிய வேண்டும். பல் மருத்துவம் படித்த காலத்தில் நான் சொற்போர் மேடைகளில் பேசியவன். பேசியவன் என்பது அடக்கத்துக்காகச் சொல்வது, வென்றவன். தலைப்பு எதுவானாலும் எந்த அணியில் நிறுத்தினாலும், மணி அடிப்பதற்கு நான்கு நொடி முன்னால் என் கடைசி வாக்கியம் முடியும். மக்களுக்குப் புரியும்படி பேசத் தெரிந்த மருத்துவர் இந்தப் பக்கம் நான் ஒருவன்தான் என்ற எண்ணத்தோடுதான் இங்கே வந்து சேர்ந்தேன்.

அந்த எண்ணம் மூன்றாம் ஆண்டு வரை நன்றாக இருந்தது. பிறகுதான் தாய்மார்களுக்குப் பால் கொடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஒரு செவிலியர் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். என்னிடம் ஒரு வாக்கியத்தைக்கூட அவர் முழுதாக முடித்ததில்லை. பாதியில் விட்டுவிட்டுக் கையால் காட்டுவார். அவர் அறைக்கு வெளியேதான் செருப்புகள் குவிந்தன.

எப்படிப்பட்ட பொறாமை அது என்று உங்களுக்குப் புரிய ஒரு சிறு நிகழ்ச்சி. கிருமாம்பாக்கத்திலிருந்து ஒரு தாய் தன் நான்கு வயது மகளை அழைத்து வந்தார். மேலுதட்டுத் தோல் ஈறோடு ஒட்டி, முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தது. வெட்டியே ஆக வேண்டும் என்று வந்தவர். பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும்போது இந்த இடைவெளி பெரும்பாலும் தானே குறையும், இப்போது வெட்டினால் தழும்புதான் மிஞ்சும் என்று படம் வரைந்து, எதிர்க்கேள்விகளை நானே எழுப்பி நானே விடையளித்து, பன்னிரண்டு நிமிடம் விளக்கினேன். அது நல்ல உரை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். தாய் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எழுந்தார். நேரே அடுத்த அறைக்குப் போனார்.

"சிஸ்டர், இவரு இன்னா சொல்றாரு? வெட்டணுமா வேணாமா?"

"வேணாம்க்கா. பல்லு விழுந்து மொளைக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"அட, அவ்ளோதானா? இத சொல்றதுக்கா இம்மாந்நேரம்!"

சுவர் மெல்லியது. எல்லாம் கேட்டது.

பனித்திட்டிலிருந்து வரும் மீனவப் பெண்கள் பால்சுறா கொண்டுவந்து அவரிடம் கொடுப்பார்கள், பால் ஊறாத வேறு தாய்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லி. ஒதியம்பட்டுக் கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் பொங்கலுக்கு ஒரு கட்டுக் கரும்பை அவர் அறை வாசலில் சாய்த்துவிட்டுப் போனார். என் அறை வாசலைக் கடந்துதான் போனார். என்னிடம் வந்தவை ஆய்வுக்கூடச் சீட்டுகள். இதைச் சிரித்துக்கொண்டே எழுதுவதாக நினைக்க வேண்டாம். பொறாமை கொண்டவனுக்குக் கணக்கு நன்றாக நினைவிருக்கும்.

இனி அந்தக் குழந்தையின் கதை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பிறந்து ஏழு நாளான ஆண் குழந்தையோடு இளம் தம்பதியர் வந்தார்கள். தாய் பெயர் நந்தினி. தந்தை புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவர்; தினமும் பஸ்ஸில் போய்வருபவர். முலைக்காம்பு வெடித்து, குழந்தையை நெஞ்சருகே கொண்டுபோகும்போதே நந்தினி பல்லைக் கடித்தார். பிறந்த எடையிலிருந்து இருநூறு கிராம் குறைந்திருந்தது. முதல் வாரத்தில் கொஞ்சம் குறைவது இயல்பு. செவிலியர் குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக் காட்டினார். குழந்தையின் வாய்க்குள்ளும் பார்த்தார். நாக்கு வெளியே நீண்டு உதட்டைத் தொட்டது. நுனியில் ஒட்டு எதுவும் இல்லை. நிம்மதியாகத் தலையசைத்தார்.

அந்த நேரத்தில் நான் எடை மெஷினுக்குப் பின்னால் நின்று ஒரு நோயாளியின் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். குழந்தை வீறிட்டு அழுதது. அழும்போது நாக்கின் இரு ஓரங்களும் மேலே எழும்பின. நடுப்பகுதி எழும்பவில்லை, தரையோடு தரையாகக் கிடந்தது. நுனியில் ஒட்டாமல் பின்னால் தடிப்பாக ஒட்டியிருக்கும் நாக்கு அப்படித்தான் தெரியும். விரல் வைத்து உயர்த்திப் பார்த்தால் ஐந்து நொடியில் உறுதியாகிவிடும். அந்த ஐந்து நொடி என் கையில் இருந்தது.

நான் கோப்பை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

ஏன்? தங்களுக்குள் நூறு முறை கேட்டுக்கொள்ளும் கேள்விகளுக்குச் சிலர் அழகான விடை வைத்திருப்பார்கள். என் விடை அழகானதில்லை. மேடையில் நான் பழகிய ஒரு உத்தி உண்டு: கையில் இருக்கும் வலுவான வாதத்தை முதல் சுற்றில் சொல்லாதே. எதிரணியைப் பேசவிடு. அவர்கள் தங்கள் நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, திரும்ப வழியில்லாத இடத்துக்கு வரட்டும். மறுப்புரையில், அவர்களுக்குப் பதில் சொல்ல நேரமே இல்லாதபோது, அதை எடுத்து வை. இந்த உத்தியால் நான் தோற்றதே இல்லை. அன்று என் மனம் செவிலியரை எதிரணியாகவும், அந்தக் குழந்தையின் நாக்கை என் கடைசிச் சுற்றுக்கான வாதமாகவும் எடுத்துக்கொண்டது. அவர் தானாக வந்து என்னிடம் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மீண்டும் வந்தார்கள். எடை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. நந்தினியின் புண் ஆறத் தொடங்கியிருந்தது. குழந்தை ஒரு மணி நேரம் நெஞ்சிலேயே கிடப்பதாகவும் அப்படியே தூங்கிவிடுவதாகவும் சொன்னார். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. ஒரு மணி நேரம் இழுத்தும் வயிறு நிறையாத குழந்தை களைப்பில்தான் தூங்கும் என்று எனக்குத் தெரியும்.

"துணி எத்தினி தடவ நனைக்கறான்மா?" என்று செவிலியர் கேட்டார்.

"ஆறு தடவ சிஸ்டர்."

"நெசமா?"

"நெசமா சிஸ்டர்."

"அப்ப சரி. திங்கக்கெழம எட போட்டுப் பாப்போம். ஒரு கிராமாச்சும் ஏறலன்னா கொழந்த டாக்டராண்ட போயிடணும். இன்னா?"

"ஏறிடும் சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரிதான் புடிக்கறேன்."

ஆறு தடவை என்பது பொய். இரண்டே தடவை. செவிலியரின் முகம் வாடக் கூடாது என்பதற்காக நந்தினி கூட்டிச் சொல்லியிருந்தார். பின்னால் இதை அறிந்தபோது என் குற்றத்தில் ஒரு பங்கை அந்தப் பொய்யின் மேல் இறக்கி வைக்க எனக்கு ஆசை வந்தது. நீங்கள் யாரும் அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். நாக்கு ஒட்டியிருப்பது அவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை.

திங்கள் காலை எட்டரை மணிக்கு ஆட்டோ ஒன்று வாசல் வரை ஏறி வந்து நின்றது. குழந்தையைத் தந்தை தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நந்தினி பின்னால் செருப்பில்லாமல் வந்தார்.

"எழுந்திருக்கவே மாட்டேங்கறான் சார். ராத்திரிலேர்ந்து வாயே வெக்கல. பக்கத்து வூட்டு அக்கா சொல்லுது, நாக்கு ஒட்டிக்கினு இருக்கும், டாக்டராண்ட வெட்டி வுடச் சொல்லுன்னு. வெட்டிட்டா குடிச்சுடுவானா சார்? வெட்டிடுங்க சார்!"

தந்தை செவிலியரைத் தாண்டி என்னிடம் வந்திருந்தார். காத்திருக்கும் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து நின்றார்கள். செவிலியர் அறைக் கதவில் நின்றார். தட்டில் கத்தரி, பஞ்சு எல்லாம் தயாராக இருந்தன. நண்பர்களே, இதுதான் நான் காத்திருந்த மறுப்புரை. அவையும் கூடிவிட்டது. ஒரு வெட்டு போதும். அதன் பிறகு அவர் சொல்ல எதுவும் இராது.

குழந்தையை வாங்கி மேசையில் கிடத்தினேன். விரலை நாக்கின் அடியில் விட்டேன். நான் ஏழாம் நாள் பார்த்தது அப்படியே இருந்தது: தடித்த, இறுக்கமான ஒட்டு. வலக்கை கத்தரியை எடுத்துவிட்டது.

அப்போதுதான் உணர்ந்தேன், குழந்தை அழவில்லை. வாய்க்குள் அந்நியன் ஒருவனின் விரல் போனால் எந்தச் சிசுவும் ஒன்று சப்பும், அல்லது கத்தும். இது இரண்டையும் செய்யவில்லை. நாக்கு உலர்ந்து விரலில் ஒட்டியது. உச்சிக்குழி பள்ளமாக இருந்தது.

கத்தரியைக் கீழே வைத்தேன். என் தொழிலில் நான் சரியாக எடுத்த முடிவுகளில் அது ஒன்று. ஆனால் அதற்காக என்னைப் பாராட்டிக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் கை முதலில் எடுத்திருந்தது. வற்றிப்போன குழந்தைக்கு நாக்கை விடுவித்து என்ன பயன்? குடிக்கும் வலுவே அதற்கு இல்லை. வெட்டுக்காயம் இன்னொரு சுமைதான்.

"ஒட்டு இருக்கிறது. ஆனால் இப்போது வெட்டக் கூடாது," என்றேன். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்."

செவிலியர் ஏற்கெனவே உள்ளே வந்து குதிகாலில் ஊசி குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்திருந்தார். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. நந்தினியைச் சுவரோரம் உட்கார வைத்துப் பாலைப் பீய்ச்சச் சொன்னார். பால் புகட்டும் பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்து, ஒரு சொட்டு விட்டு, தொண்டையைப் பார்த்து, விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு விட்டார். பதினான்கு சொட்டு வரை நானும் அவரோடு சேர்ந்து எண்ணினேன். ஆம்புலன்ஸ் வந்ததும் குழந்தையைத் தாயின் மார்போடு ஒட்டிக் கட்டி, அவர்கள் இருவரோடும் ஏறினார். நான் முன்னால், ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்தேன். வழிநெடுக அந்தப் பாலாடை பால் கிண்ண விளிம்பில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சேர்க்கும்போது, பணியில் இருந்த மருத்துவர் சீட்டைப் பார்த்தபடி கேட்டார்: "ஏழாம் நாளே உங்களிடம் வந்திருக்கிறது. வாயைப் பார்த்தது யார்?"

"நான்தான் டாக்டர்," என்றார் செவிலியர். "முன்னாடி பாத்தேன். பின்னாடி ஒட்டு இருந்தது எனக்குத் தெரியல. என் தப்புதான்."

நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். இரண்டாவது முறையாகப் பேசாமல் இருந்தேன். முதல் முறை வெல்வதற்காக. இந்த முறை பயத்தால். சொற்போர் மேடையில் நான் ஒருநாளும் அறியாத பயம் அது.

குழந்தை பிழைத்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் வழியாகவும் வீட்டில் பாலாடை வழியாகவும் தாய்ப்பால் ஏற்றி, எடை தேறிய பிறகு, எங்களிடமே அழைத்து வந்தார்கள். செவிலியர் தலையைப் பிடிக்க, நான் ஒட்டை விடுவித்தேன். இரண்டு துளி இரத்தம். உடனே நந்தினியின் நெஞ்சில் கொடுத்தோம். முதலில் அழுதது, பிறகு பிடித்தது, பிறகு விழுங்கும் ஓசை கேட்டது: க்ளுக், க்ளுக். நந்தினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "வலிக்கவே இல்ல சிஸ்டர்," என்றார்.

தந்தை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மறுநாள் வில்லியனூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு தாம்பாளத்தில் பழமும் இனிப்பும் வந்தன. என் மேசைக்கு.

அடுத்து வந்தது தடுப்பூசி நாள். அன்று காலை என் அறைக்கு வெளியே செருப்புகள் குவிந்திருந்தன. தாய்மார்கள் வரிசையாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே கோரிக்கை.

"இவளுக்கும் கொஞ்சம் வெட்டி வுட்டுடுங்க சார்."

"ஏம்மா, நன்றாகத்தானே குடிக்கிறாள்?"

"குடிக்கிறா. ஆனா இப்பவே வெட்டிட்டா நல்லதாமே?"

அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, கூடம் முழுவதும் கேட்கச் சொன்னாள்: "அந்த சிஸ்டர நம்பிக்கினு ஒக்காந்தா அந்தக் கொழந்த போயிருக்கும்டி. டாக்டரு இருக்கங்காட்டி பொழச்சுது."

செவிலியர் அறை திறந்திருந்தது. எதிரில் ஒருவரும் இல்லை. அவர் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மீண்டும் மடித்தார்.

மூன்று ஆண்டுகளாக நான் ஆசைப்பட்டது இதுதான் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்தக் காட்சியை முதலில் பார்த்தபோது நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கியதையும் மறைக்க மாட்டேன். அதன் பிறகே கையில் இருந்த குழந்தையைப் பார்த்தேன்: நன்றாக வளர்ந்த, குறையேதும் இல்லாத நாக்கு. இதை வெட்டச் சொல்லி வந்திருக்கிறார்கள். இன்று வெட்ட மாட்டேன் என்றால் வேறெங்கோ போய் வெட்டிக்கொள்வார்கள். பிடிக்கும் முறை தெரியாத தாய்கள், அதைச் சொல்லித்தரத் தெரிந்த ஒரே ஆளைத் தாண்டிப் போய், மூன்றாம் வாரத்தில் பால் பவுடருக்கு மாறுவார்கள். எல்லாம் நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தால்.

எழுந்து கூடத்துக்கு வந்தேன். எடை போட வந்த நந்தினியும் அவர் கணவரும் அங்கே இருந்தார்கள். முன்னுரை எதுவும் எனக்கு வரவில்லை.

"அந்தக் குழந்தையின் நாக்கு ஒட்டியிருந்ததை நான் ஏழாம் நாளே பார்த்தேன்," என்றேன். "சிஸ்டருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை."

தந்தை மெதுவாக எழுந்தார்.

"பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"அன்னிக்கேவா?"

"அன்றைக்கே."

"அப்பறம் இன்னாத்துக்கு சார் சொல்லல?"

எந்தத் தலைப்புக்கும் எந்தப் பக்கமும் பேசத் தெரிந்தவன் நான். அந்தக் கேள்விக்கு ஒரு பக்கம்தான் இருந்தது.

"சிஸ்டர் மேல் பொறாமை. எல்லாரும் அவரிடமே போகிறார்கள் என்று."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். "த்தூ," என்றார், தரையைப் பார்த்துத்தான் சொன்னார். நந்தினி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு செவிலியர் அறைக்குள் போய் அமர்ந்தார். செவிலியர் அவரைப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே வந்தார். என் முன்னால் நின்றார். அவர் என்னிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொன்னது அன்றுதான்.

"அந்த அஞ்சு நாளும் நான் கண்ண மூடல சார், எம் கையால ஒரு புள்ள போயிடுச்சின்னு நெனச்சிக்கினே கெடந்தேன்."

நான் தலை குனிந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். அவர் அதைக் கையால் ஒதுக்கினார். வரிசையில் முதலில் நின்ற பெண்ணிடமிருந்து குழந்தையை வாங்கி என் முன்னால் நீட்டினார்.

"பாருங்க."

விரலை விட்டேன். நாக்கு மேலே எழும்பி என் விரலைச் சுற்றிக்கொண்டு பலமாகச் சப்பியது.

"நன்றாக இருக்கிறது," என்றேன்.

"அவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"நன்றாக இருக்கிறது. வெட்ட வேண்டாம். பிடிக்கும் முறையைச் சிஸ்டர் சொல்லித்தருவார்."

அவர் அடுத்த குழந்தையை நீட்டினார். அதையும் பார்த்துச் சொன்னேன். இப்படியே பதினொரு குழந்தைகள் ஆயின. ஒவ்வொன்றையும் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தாயாக என் பக்கத்திலிருந்து அவர் பக்கம் போய் அமர்ந்தார்கள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே போனார்கள். அந்தப் பழைய எரிச்சல் அன்றும் அப்படியே இருந்தது; இதை எழுதும் இன்றும் இருக்கிறது. அதோடுதான் பன்னிரண்டாவது குழந்தைக்குக் கை நீட்டினேன்.